குஞ்சம்மாளின் பத்து நாள் மாத்திரை

குஞ்சம்மாள் ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. மருந்தகத்துக்கு வந்தால் பெஞ்சின் ஓரத்தில் இடுப்பை வைப்பாள்; வைத்ததும் எழுந்துவிடுவாள். முன்னால் நான்கு பேர் காத்திருந்தால், அந்த நான்கு பேரும் மருந்து வாங்கிப் போவதற்குள் மூன்று தடவை கொல்லைப்பக்கம் போய் வந்துவிடுவாள்.

"ஒண்ணுக்கு ஒரே ஒரு சொட்டுதான்க்கா வருது. அதுக்குப் போயி இந்த எரிச்சல். மொளகா அரச்சு வெச்சாப்பல இருக்குது."

"போன வாரம் குடுத்த உப்புத் தண்ணிய குடிச்சியா இல்லியா?"

"குடிச்சேன். குடிச்சா இன்னும் வருது. வந்தா எங்க போவேன்?"

இப்படிக் கேட்டுவிட்டு மறுபடியும் எழுந்து போவாள். அவள் பேச்சை வளர்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அவளுக்கு உண்மையிலேயே போக இடமில்லை என்பது எனக்குப் புரியச் சில வருஷங்கள் ஆயின.

மருந்தகம் புதுச்சேரி டவுனிலிருந்து சாரம் கிராமத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. ஓடு போட்ட இரண்டு அறை, பின்னால் ஒரு தாழ்வாரம். மாதா கோயில் மடத்துக் கன்னிமார்களிடம் மூன்று வருஷம் நோயாளிகளைக் கவனிக்கப் பழகிவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கட்டுப் போடுவது, மருந்து கலப்பது, மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துக் காய்ச்சிப் பார்ப்பது எல்லாம் என் வேலை. செவ்வாயும் வெள்ளியும் ஒரு பிரெஞ்சுக்கார வைத்தியர் வருவார். தொக்தேர் என்றுதான் ஊரில் அவரைச் சொல்வார்கள். அவர் பேசுவதைத் தமிழாக்கிச் சொல்வதும், நோயாளி திட்டுவதைத் தமிழிலேயே விட்டுவிடுவதும்கூட என் பொறுப்புதான்.

குஞ்சம்மாள் சாரத்துக்காரி. பதினேழு வயதில் கண்ணையனைக் கட்டிக்கொண்டாள். கண்ணையன் புஷ் வண்டி தள்ளுகிற ஆள். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் துரைமார்களையும் துரைசானிகளையும் உட்காரவைத்துப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். மழைக்காலத்தில் சவாரி இராது. அதனால் கல்யாணமான மறுமாதமே அவள் மில்லுக்குப் போனாள். முதலில் பஞ்சு பொறுக்கினாள். இரண்டு வருஷத்தில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவில் அவளுக்கு ஒரு மெஷின் கிடைத்தது. அந்த மில்லில் பெண்களுக்கு அதற்கு மேல் வேலை கிடையாது. கை வேகமாக இருக்கிறவள்தான் அங்கே நிற்க முடியும்.

"நா முடி போட்டா முடி இருக்குற எடம் மேஸ்திரி கண்ணுக்கே தெரியாதுக்கா" என்று சொல்லுவாள். அதைச் சொல்லும்போது மட்டும் இரண்டு நிமிஷம் அசையாமல் நிற்பாள்.

அந்தப் பிரிவில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு பெண்கள். மேஸ்திரி வடிவேலின் மேசைக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி; அதில் வரிசைக்கு ஒன்றாகப் பித்தளை வில்லைகள் தொங்கும். கக்கூசுக்குப் போகிறவள் தன் வரிசையின் வில்லையை எடுத்துப் போய், திரும்பி வந்து மாட்ட வேண்டும். வில்லை ஆணியில் இல்லாவிட்டால் அடுத்தவள் காத்திருக்க வேண்டும். ஒருத்திக்குக் காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை. மூன்றாவது தடவை கையை நீட்டினால் மெஷினை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். முப்பத்தேழில் சட்டம் வந்து வேலை எட்டு மணி நேரமாகக் குறைந்தது. வில்லைச் சட்டத்தை யாரும் தொடவில்லை.

ஆகவே பெண்கள் தண்ணீரையே விட்டுவிட்டார்கள். காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் போனால் சங்கு ஊதுகிறவரை நாக்கை நனைக்கமாட்டார்கள். பஞ்சுத் தூசு, சித்திரை வெயில், தகரக் கூரை. தண்ணீர் உள்ளே போகாவிட்டால் கிருமி கழுவிக்கொண்டு வெளியே போகாது. வருகிறதையும் அடக்கிவைத்தால் அது உள்ளேயே பெருகும். இந்த நீர்க்கடுப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால் பங்கு இவ்வளவுதான்.

மீதிக் கால் பங்கு கர்ப்பம். கர்ப்பிணிக்கு இது வந்தால் சுலபமாக மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். முப்பத்தைந்தாம் வருஷம் குஞ்சம்மாளுக்கு ஆறாம் மாதத்தில் குளிர்க்காய்ச்சல் வந்து, முதுகில் குத்துவலி எடுத்து, குழந்தை செத்துப் பிறந்தது. மறுவருஷம் ஐந்தாம் மாதத்தில் அதே காய்ச்சல், அதே வலி, அதே முடிவு. சாரத்தில் இதற்கு வயிற்றுச் சூடு என்று பெயர் வைத்தார்கள். கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவினார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டார்கள், நெருஞ்சிமுள் கஷாயம் காய்ச்சினார்கள். கஷாயத்தை நான் தடுக்கவில்லை. எந்த வழியிலாவது தண்ணீர் உள்ளே போனால் சரி. சுண்ணாம்பையும் தடுக்கவில்லை, அதனால் கால்விரலுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

இரண்டாவதும் போன பிறகு ஒரு நாள் மருந்துக் குப்பியை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"எக்கா, இந்த எரிச்சல் நா சாவுற மட்டும் இருந்துட்டுப் போவட்டும். அத நீ கொணப்படுத்தலன்னு கேக்கமாட்டேன். மூணாவதா ஒண்ணு வந்தா அது தங்கணும். அது மட்டும் பாத்துச் சொல்லு."

என்னிடம் அப்போது சோடா உப்பும், யூரோட்ரோபின் என்கிற ஒரு பழைய மருந்தும்தான் இருந்தன. இரண்டும் அவளுக்கு ஏற்கெனவே கொடுத்துப் பார்த்தவை.

முப்பத்தெட்டாம் வருஷம் ஜனவரியில் பிரான்சின் மர்சேய் துறைமுகத்திலிருந்து வந்த கப்பலில் புது மாத்திரை வந்தது. செங்கல் நிறம். கிருமியையே தாக்குகிற மருந்து என்று சொல்லி, தொக்தேர் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். மருந்தகத்துக்கு வந்த முதல் பெட்டியிலிருந்து குஞ்சம்மாளுக்குக் கொடுத்தோம். நாளைக்கு ஆறு, பத்து நாளைக்கு அறுபது. எண்ணிக் காகிதத்தில் மடித்து அவள் கையில் வைத்தேன்.

"பத்து நாள். ரெண்டாம் நாளே நல்லாப் போனாலும் பத்து நாள் சாப்புடணும். ஒண்ணுக்குச் செவப்பாப் போவும், பயந்துடாத. அது மருந்தோட சாயம்."

"வெத்தலை போட்ட வாய் மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அய்ய, ரெண்டு பக்கமும் வெத்தலை போட்டவளா ஆயிட்டேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள்.

இரண்டாம் நாள் எரிச்சல் நின்றது. மூன்றாம் நாள் கண்ணாடிக் குழாயில் அவள் கொடுத்ததைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சிவப்பு, ஆனால் கலங்கல் இல்லை. நாலு வருஷமாகக் கலங்கலையே பார்த்துப் பழகின கண், எனக்கும் மகிழ்ச்சிதான். அன்று அவள் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் மாமியார் கதை கேட்டாள்.

ஏப்ரலில் நோய் திரும்பியது. அறுபது மாத்திரை கொடுத்தேன். குணம் தெரிய நாலு நாள் ஆயிற்று. ஆகஸ்டில் மறுபடியும் வந்தது. அப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பம். திரும்பவும் அறுபது. இந்தத் தடவை ஆறு நாள். ஒவ்வொரு தடவையும் "பத்து நாளும் சாப்ட்டியா?" என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் "உம்" என்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்கு உறுத்தியது. ஆனாலும் வாசலில் இருபது பேர் நின்றார்கள், விட்டுவிட்டேன்.

ஆகஸ்டு முடிவதற்குள் கொளஞ்சி வந்தாள். மில்லில் பெண்கள் கக்கூசைக் கழுவுகிறவள் அவள். மருந்தகத்துக்கு உள்ளே வராமல் படிக்குக் கீழேயே நின்று என்னைக் கூப்பிட்டாள். உள்ளே வா என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் ஏறி வந்தாள்.

"நர்சம்மா, மில்லுல ஏதோ பெரிய நோவு வந்திருக்குதும்மா. பொம்பளைங்க ஒண்ணுக்குப் போனா ரத்தமாப் போவுது."

"ரத்தம்னா கட்டிகட்டியாவா, தண்ணியாவா?"

"தண்ணியா. செவப்பா. நாலு வருசமாக் கழுவறேன், இந்த வருசந்தான் இப்பிடி. ரெண்டு தடவ வந்து நின்னுது, இப்ப மறுபடியும்."

"எத்தினி பேருக்கு?"

"ஒருத்தி ரெண்டு பேருன்னா நா ஏன் வரேன்? சிட்டம் சுத்துற வரிசைல பாதிப் பேரு. மேஸ்திரிகிட்ட சொன்னா காலராங்குற மாதிரி எதுனா சொல்லி எல்லாரையும் வெளிய தள்ளிடுவாரு. அதான் உங்ககிட்ட வந்தேன். என் கையில ஒட்டிக்குமா அது?"

"ஒட்டாது. சவுக்காரம் போட்டுக் கழுவு, போதும். நீ வந்தது நல்லதாப் போச்சு" என்று அனுப்பினேன். அவள் படி இறங்குவதற்குள்ளேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தச் சிவப்பு இந்த ஊரில் ஒரு பெட்டியிலிருந்துதான் வர முடியும். அந்தப் பெட்டியின் சாவி என் இடுப்பில் இருந்தது.

மறுநாள் சங்கு ஊதுகிற நேரத்துக்கு மில் வாசலுக்குப் போனேன். தலையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு பெண்கள் வெளியே வந்தார்கள். வந்ததும் பாதிப் பேர் எதிரே இருந்த முட்புதருக்கு ஓடினார்கள். குஞ்சம்மாள் என்னைப் பார்த்ததும் நின்றாள். பக்கத்தில் அவளுடைய அடுத்த மெஷின்காரி செல்வாம்பாள். நாற்பது வயது, வாய் நீளம்.

"செல்வாம்பா, ஒனக்கு நீர்க்கடுப்பா?"

"எனக்கா? எனக்கு ஒரு நோவும் கெடையாது. ஏன் கேக்குற?"

"அப்பறம் எதுக்குச் செவப்பு மாத்திரை சாப்ட?"

"இடுப்பு வலி. நாலு முழுங்குனேன், போச்சு. அந்தா, அவளுக்குத் தலைவலி, அவ ரெண்டு. சின்னவளுக்குப் புள்ள இல்ல, அதுக்கு ஆறு." வரிசையை விரலால் காட்டிக்கொண்டே போனாள். "சும்மாவா குடுத்தா? என் மொறையத்தான் மாசக்கணக்கா இவ எடுத்துக்கினு ஓடறா. காலைல என்னுது, மத்தியானம் அவளுது. நாங்க அடக்கிக்கினு நிக்கிறோம். இவ மகராணி மாதிரி போயிட்டு வரா."

குஞ்சம்மாள் தரையைப் பார்த்தாள்.

நான் அங்கேயே திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

"ரெண்டு நாள்ல எரிச்சல் நின்னுப்போச்சுக்கா. நின்னப்பறம் எதுக்கு மருந்து? மீதியத் தூக்கி எறியவா முடியும்? இவங்க மொறைய எனக்குக் குடுக்கலன்னா நா மெஷின்லயே நிக்க முடியாது. நா இவங்களுக்குக் குடுக்க எங்கிட்ட வேற என்னா இருக்குது?"

"மறுபடி வந்துச்சே, அப்பவாவது பத்து நாள் சாப்புட்டு இருக்கலாமில்ல?"

"மறுபடி வந்தப்பவும் மொறை வேண்டியிருந்துச்சே."

தப்பு அவளுடையது மட்டுமல்ல. அறுபது மாத்திரையை மொத்தமாக அவள் கையில் கொடுத்தது நான். தினமும் வரச்சொல்லி ஆறு ஆறாகக் கொடுத்திருக்க வேண்டும். வில்லையைப் பற்றி முதல் வருஷமே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு முற்பகல் கண்ணையன் அவளைப் புஷ் வண்டியிலேயே கொண்டுவந்தார். துரைசானிகள் உட்காருகிற மெத்தையில் பழைய புடவையை விரித்து உட்காரவைத்திருந்தார். வழியில் பார்த்தவர்கள் சிரித்தார்களாம். "சிரிக்கட்டும்மா, நா ஒரு நாளாவது எம் பொண்டாட்டியத் தள்ளக் கூடாதா?" என்றார். ஆனால் அவர் கை வண்டியின் பிடியை விடவேயில்லை. அவள் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதம். வலது பக்க முதுகில் விரலால் தொட்டதும் கத்தினாள். முன்பு இரண்டு தடவை எப்படித் தொடங்கியதோ அப்படியே தொடங்கியிருந்தது.

பின்னறையில் படுக்கப் போட்டோம். இந்த முறை மாத்திரையை நானே வாயைத் திறக்கச் சொல்லிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். நாளைக்கு ஆறு. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். காய்ச்சல் இறங்கவில்லை. குழாயைச் சன்னலுக்கு நேரே பிடித்தேன்: சிவப்பாகவும் இருந்தது, கலங்கலாகவும் இருந்தது. ஐந்தாம் நாள் அதே கலங்கல். மருந்து உள்ளே போகிறது என்பதற்குச் சிவப்பு சாட்சி. அது ஒன்றும் செய்யவில்லை என்பதற்குக் கலங்கல் சாட்சி.

தொக்தேர் வந்து குழாயை வாங்கிப் பார்த்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மூன்று தடவையும் அரைகுறையாகச் சாப்பிட்டதில், பலவீனமான கிருமிகள் செத்து, தாங்கக்கூடியவை மிஞ்சி, அவைதான் இப்போது பெருகியிருக்க வேண்டும் என்றார். இது தம் ஊகம் என்றும், மருந்து புதிது, யாருக்கும் முழுவதாகத் தெரியாது என்றும் சொன்னார். இன்றைக்கு இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அன்று அந்தப் பின்னறையில்தான் அதை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

அவள் கட்டிலிலிருந்து கேட்டாள்: "என்னா சொல்றாரு?"

"மருந்து ஒனக்கு இனிமே கேக்காதாம்."

"கேக்காதுன்னா? இன்னும் நெறைய சாப்ட்டா?"

"நெறைய சாப்ட்டாலும்."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். "ஒண்ணுக்கு வருது" என்றாள். காய்ச்சல்காரியைத் தாங்கிப் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். அன்று மட்டும் பதினெட்டுத் தடவை.

மாத்திரையை நிறுத்தினோம். பழைய வழிதான்: சோடா உப்புக் கலவை, பார்லிக் கஞ்சி, இளநீர், மணிக்கொரு டம்ளர் தண்ணீர், இடது பக்கமாகப் படுக்கை. அவள் படுக்கமாட்டாள். படுத்தால் எழுவாள், எழுந்தால் நடப்பாள், நடந்தால் முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரில் நெற்றியை வைப்பாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஒதைக்கல" என்பாள். அரை மணியில் "ஒதைச்சிட்டுது" என்பாள். நான் காதுக்குழலை வைத்துக் கேட்கும்வரை விடமாட்டாள். கேட்டுச் சொன்னாலும் மறுபடி வைக்கச் சொல்லுவாள். பதினாறாம் நாள் காய்ச்சல் தானே இறங்கியது. குழந்தை இருந்தது.

அவள் வீட்டுக்குப் போகும்போது தொக்தேர் சொன்னதைச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒரு பெரிய செம்பு நிறையப் பத்துத் தடவை தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மூத்திரம் போயே ஆக வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும். இதை விட்டால் வேறு மருந்து கிடையாது. மறுபடி ஒரு காய்ச்சல் வந்தால் குழந்தை தாங்காது.

"அப்ப மில்லு?"

"மில்லுக்குப் போவாத."

"ஐப்பசி மழை புடிச்சிக்கிச்சு. அவரு வண்டில ஏறுறதுக்கு ஆளில்ல. நா மில்லுக்குப் போவலன்னா வயித்துல இருக்கறது பட்டினியில சாவும். போனா காய்ச்சல்ல சாவும். நீ எதுன்னு சொல்லு."

நான் மேஸ்திரி வடிவேலைப் பார்க்கப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. என்னை உட்காரச் சொன்னார், சொன்னதையெல்லாம் கேட்டார், பிறகு ஆணியைக் காட்டினார்.

"ஒருத்திக்கு விட்டா நாளைக்கு நாப்பது பேருக்கும் நீர்க்கடுப்பு வரும்மா. மேல இருக்கறவன் என் மெஷினுங்க எத்தினி நிமிஷம் சும்மா நின்னுச்சுன்னு கேக்கறான். நா என்னா பதில் சொல்றது? ஒண்ணுக்குப் போச்சுன்னா?"

"போச்சுன்னுதான் சொல்லுங்க."

"நீங்க வந்து சொல்லிப் பாருங்க" என்று சிரித்தார்.

வரிசைப் பெண்களும் கையை விரித்துவிட்டார்கள். மாத்திரை இனி வராது என்று தெரிந்துவிட்டது. செல்வாம்பாள் மட்டும் இரண்டு நாள் தன் முறையைக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவளுக்கே அடிவயிறு வலித்தது. "எம் பொறப்பு அடக்கறதுக்குன்னு எழுதி வெச்சிருக்குதா?" என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அந்த வாரத்தில் குஞ்சம்மாள் என்னிடம் கேட்காமல், கண்ணையனிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். மேஸ்திரியிடம் போய், மெஷினை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டுத் தன்னை முற்றத்தில் கழிவுப் பஞ்சு பெருக்குகிற வேலைக்குப் போடச் சொன்னாள். அங்கே வில்லை கிடையாது. பெருக்குகிறவள் எங்கே நிற்கிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை. கக்கூசு இருபதடி தூரம்.

வடிவேல் நம்பவில்லையாம். "மெஷினை விட்டுட்டுத் தொடப்பத்தைக் கேட்ட மொதப் பொம்பள நீதான்டி. நல்லா யோசிச்சிட்டியா? மறுபடி வந்து நின்னா தரமாட்டேன்."

"வந்து நிக்கமாட்டேன்" என்றாளாம்.

எனக்குச் சொல்லும்போது அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மருந்தகத்தின் மேசை மேல் இருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். "கை வேகம் எல்லாம் போவட்டுங்க்கா. தொடப்பத்துக்கு என்னா வேகம்" என்றாள். அவளுடைய மெஷின் ஒரு புதுப்பெண்ணுக்குப் போயிற்று. அந்தப் பெண் போடும் முடியைப் பார்க்கக் குஞ்சம்மாள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்ததாகச் செல்வாம்பாள் பிறகு சொன்னாள். "தடிதடியாப் போடறா" என்று முனகினாளாம்.

கார்த்திகை, மார்கழி முழுவதும் முற்றத்தில் பெருக்கினாள். கொளஞ்சி அவளுக்கென்று ஒரு பானைத் தண்ணீரை வேப்பமரத்தடியில் வைத்தாள். சாரத்துக்காரிகள் இதைப் பார்த்து, கக்கூசு கழுவுகிற கொளஞ்சி கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாளே என்று முணுமுணுத்தார்கள். குஞ்சம்மாள், "தாகத்துக்குக் குடிச்சா நீங்க சொல்றது சரி. நா மருந்துக்குக் குடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கொளஞ்சி எதிரிலேயே இன்னொரு செம்பு மொண்டு குடித்தாள். மில்லில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மணி அடிக்கும்போது எண்ணுவாள். இரண்டு அடித்தால் போவாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மணி இல்லாததால் அவளுக்குத் தவிப்பு. கண்ணையனைத் தெருமுனைக்கு அனுப்பி நேரம் கேட்டு வரச்சொல்லுவாள். "இவ ஒண்ணுக்குப் போறதுக்கு நா தெருத்தெருவா மணி கேட்டுக்கினு அலையறேம்மா" என்று அவர் என்னிடம் புகார் சொன்னார். மறுவாரமும் போய்க் கேட்டார்.

தினமும் சாயங்காலம் மருந்தகத்துக்கு வந்தாள். குழாயைச் சன்னலில் பிடிப்பேன். தெளிவாக இருக்கும் நாளில் அவள் ஒன்றும் பேசாமல் போய்விடுவாள். லேசாகக் கலங்கினால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கமாட்டோம்; நான் சோடா உப்பைக் கொஞ்சம் கூட்டுவேன், அவள் செம்பை எடுப்பாள். மார்கழியில் இரண்டு தடவை எரிச்சல் வந்து, இரண்டு தடவையும் மேலே ஏறாமல் கீழேயே அடங்கியது. யாராவது வாசலில் வேகமாக நடந்து வந்தால் அது கண்ணையனோ என்று எழுந்துவிடுவேன்.

தை இரண்டாம் வாரம், எட்டாம் மாதம் நடக்கும்போது, காய்ச்சல் வந்தது. காலை எட்டு மணிக்குக் கண்ணையன் வண்டியில் கொண்டுவந்தார். பத்து மணிக்கு வலி கண்டது. தொக்தேர் வருகிற நாள் இல்லை. சிவப்பு மாத்திரைப் பெட்டி அலமாரியில் இருந்தது. அதை நான் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பனிக்குடம் உடைந்தது. பன்னிரண்டரைக்குப் பிறந்தது. பெண். ஒரு முழம்கூட இல்லை. நீலமாக இருந்தது. வாயைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து, முதுகைத் தேய்த்தேன். ஒரு தடவை. இரண்டு தடவை. குஞ்சம்மாள் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "படு" என்றேன். படுக்கவில்லை. மூன்றாவது தேய்ப்பில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு கத்தல்.

பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் புட்டி வைத்து, கூடையில் கிடத்தினேன். கண்ணையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இத எப்பிடிம்மா தூக்கறது?" என்று கேட்டார். "இப்ப தூக்க வேணாம். பாத்துக்கினு மட்டும் இருங்க" என்றேன்.

பிரசவித்தவள் சில மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்தாக வேண்டும். கழிக்காவிட்டால் தேங்கி நோய் முற்றும். மூன்று மணிவரை அவளுக்கு வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், சட்டியிலிருந்து சட்டிக்குத் தண்ணீரைச் சத்தம் வரும்படி ஊற்றினேன். வாழ்நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருந்தவளுக்கு அன்றைக்கு வரவில்லை. நான்கு மணிக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கதவுக்கு வெளியே நின்றேன். வெகுநேரம் கழித்துச் சத்தம் கேட்டது.

"எரியுதா?"

"எரியாம? அது எங்க போவும்? அது எம்மேலதான் இருக்கும்."

"காய்ச்சல் கொறையும். தண்ணி குடிச்சிக்கினே இரு."

"குடிக்கறேன், குடிக்கறேன்."

வெளியே வந்து நேராகக் கூடைக்குப் போனாள். குனிந்து, விரலால் குழந்தையின் மார்பைத் தொட்டுப் பார்த்தாள். மூச்சு ஏறி இறங்கியது. செம்பை எடுத்து நின்றபடியே பாதித் தண்ணீரைக் குடித்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். குழந்தை சிணுங்கியதும் மடியில் எடுத்துக் கொடுத்தேன். பால் குடிக்கத் தெரியவில்லை அதற்கு; விரலில் பீய்ச்சி நாக்கில் தடவினோம். நக்கிற்று. குஞ்சம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னா?" என்றேன்.

"திரும்ப வருதுக்கா. இந்தா, இத புடி. வந்துட்டேன்."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.